நெட்டையன் மேல ஏறினவங்க

எங்க நாட்டுலேயே உயரமான மலையில யாராவது ஏறி உச்சியில நின்னா, அந்த ஆளு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் மலையும் வளரும், இது எங்க தேயிலைத் தோட்டத்துல பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், நம்பாதவங்க நாங்க வரிசை வீடா குடியிருக்கிற எங்க லயத்துக்கு வந்து தண்ணி பைப்பைப் பாக்கட்டும், முந்தி நாலே துண்டா இருந்த பைப்பு இன்னைக்கு நாப்பத்தேழு ஒட்டுப் போட்டுக் கெடக்கு. மலைக்கு அரசாங்கம் வச்ச பேரு ஒண்ணு இருக்கு, தபால் முத்திரையில எல்லாம் போடுவாங்க, அதை நாங்க சொல்றதில்ல. நாங்க அவனை நெட்டையன்னுதான் கூப்பிடுவோம். நான் அருளப்பன், லயத்துக்கு மேல, ஏறுறவங்க போற பாதையோரத்துல தேத்தண்ணிக் கடை வச்சிருக்கேன். வாய் சும்மா இருக்காதுன்னு எனக்கு ஒரு பேரு உண்டு, இந்தக் கதையில பாதி என் வாயால வந்த வினைதான், அதனால அடுத்தவன் சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிடுறேன்.

நெட்டையன் மேல மொத மொதல்ல ஏறினது ஒரு வெள்ளைக்காரத் தொரைன்னு பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்கு. புத்தகத்துல இல்லாதது என்னன்னா, பாதி வழியிலேயே தொரைக்குக் கால் நடுங்கிப் போச்சு, எங்க ஆளு சங்கிலின்னு ஒருத்தன் அவரை முதுகுல சொமந்துக்கிட்டு, அவரோட அளக்கிற பெட்டியை நெத்தியில கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு, பாதையே இல்லாத காட்டுல அட்டைக்கடியும் பனியும் பட்டு ரெண்டு நாள் ஏறினான், உச்சிக்கு ஒரு படி கீழே வந்ததும் தொரை அவனை நிப்பாட்டி, முதுகுலருந்து நேரா உச்சிப் பாறையில காலை வச்சு இறங்கி, நீ அங்கேயே நில்லுன்னுட்டார். அன்னைக்கு சங்கிலி நின்ன படியிலதான் நூத்தி முப்பது வருஷமா எங்க ஆளுங்க நிக்கிறாங்க. தொரை செத்து, தொரைமாரெல்லாம் கப்பலேறிப் போயி, கொடி மாறின பிறகும் எந்தச் சொமைகாரனும் அந்தப் படியைத் தாண்டினதில்ல, ஏன்டான்னு கேட்டா அது அப்படித்தான்னுவாங்க. அடுத்த வருஷம் அளக்க வந்த இன்னொரு தொரைக்கு மலை ஆறடி கூடுதலா இருந்துச்சு, முதல் தொரைக்கு அளக்கத் தெரியலைன்னு இவர் எழுத, இவருக்குத்தான் தெரியலைன்னு அவர் எழுத, ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

வருஷத்துக்கு மூணு பேரு நாலு பேரு ஏறின காலம் வரைக்கும் எங்களுக்கு ஒண்ணும் தெரியல. எங்க நாட்டு மலை வளருதுன்னு ஒருநாள் ரேடியோவுல சொன்னாங்க பாருங்க, அன்னைக்குப் பிடிச்சுது சனி. வளர்ற மலை எந்த நாட்டுல இருக்குன்னு மார்தட்டிக்கிட்டு பஸ்ஸு பஸ்ஸா வந்தாங்க. ஏன் ஏறுறீங்கன்னு தேத்தண்ணி ஆத்திக்கிட்டே கேப்பேன். அப்பா சாம்பலைத் தூவணும்னு ஒருத்தர் சொன்னார், கட்டிக்கிறேன்னு சொன்னவ கைவிட்டுட்டான்னு ஒருத்தன் அழுதான், ஆபீசுல அனுப்பினாங்கன்னு பதினெட்டுப் பேர் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கிட்டு வந்தாங்க, ஒரு கெழவர் மட்டும், நேத்து ஏறினவனைவிட நான் உயரத்துல நிப்பேன்ல, அது போதும்னார். அந்தக் கெழவர் சொன்னதுதான் நெசம். யாரு கடைசியா ஏறினாங்களோ அவங்கதான் நாட்டுலேயே உயரத்துல நின்னவங்க, அடுத்த ஆளு வர்ற வரைக்கும். அந்த ஒரு நாள் பெருமைக்கு மனுஷன் எவ்வளவு தூரம் வேணும்னாலும் வருவான்.

மலை உச்சியில மட்டும் வளர்ந்திருந்தா எங்களுக்கென்ன, வளர்ந்துட்டுப் போகட்டும். அவன் இடுப்புலயும் வளர்ந்தான். எங்க லயத்துக்குக் கீழே, பஸ் ரோட்டுக்கு மேலே, நடுவுல. ஒரு ஆள் உயரம் மலை கூடினா வளைஞ்சு வளைஞ்சு போற பாதை இருபது ஆள் நீளம் கூடும். தேயிலைச் செடிங்க ஒண்ணுக்கொண்ணு விலகிப் போச்சு, கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க ஒரு செடியிலருந்து அடுத்த செடிக்கு நடந்து போயி எடுத்தாங்க. வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டுத் தப்பை ஒரு மணி நேரம் முந்தி அடிச்சாங்க, அப்புறம் ரெண்டு மணி நேரம். மாரியம்மன் தேரு தோட்டத்தோட கீழ்ப் பிரிவுக்குப் போயிட்டு அன்னைக்கே திரும்புறது போயி மூணாம் நாள் திரும்புச்சு, அதுக்கேத்த மாதிரி கும்மிப் பாட்டுல பத்துக் கண்ணி கூட்டிக்கிட்டாங்க. நாட்டின் உயர்ந்த மலையின் உயரம் என்னன்னு பரீட்சையில கேட்டா, என்ன எழுதினாலும் தப்பாப் போகும்ங்கிறதால வாத்தியாரு எல்லாருக்கும் மார்க் போட்டாரு. எங்க ஆளுங்க இருக்காங்களே, எதையும் பழகிக்குவாங்க, அதுதான் எங்க கேடு. இந்த லயத்தை விட்டா எங்களுக்கு எங்கேயும் ஒரு சாண் மண்ணு கெடையாது, பழகிக்காம என்ன பண்றது.

இந்தப் பாதையிலதான் தியாகுவோட மூத்த பிள்ளை போச்சு. தியாகு எங்க லயத்துலேயே நல்ல சொமைகாரன், இருநூறு தடவைக்கு மேல நெட்டையன்கிட்ட போயிட்டு வந்திருக்கான், ஒரு தடவைகூட உச்சியை மிதிச்சதில்ல, அந்தப் படியில நின்னா உச்சிப் பாறை கழுத்துக்கு வரும், கழுத்துக்கு மேல தலையை நீட்டிப் பாத்தா ரெண்டு பக்கமும் கடல் தெரியும்னு வந்து சொல்லுவான். அவன் பெண்சாதி பவளம், கொழுந்து எடுக்கிறவ, சிரிச்சா கண்ணு மூடிப் போகும். மூணு வருஷத்துக்கு முந்தி அவளுக்கு வலி கண்டப்ப ஆஸ்பத்திரிக்கு மூணு மணி நேர நடை. கம்பளியில வச்சு, கம்புல கட்டி, நாலு பேர் தூக்கிக்கிட்டுப் போறதுதான் எங்க வழக்கம். போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை வயித்துக்குள்ளேயே நின்னு போச்சு. அப்புறம் அவ ஒரு வருஷம் சிரிக்கல. இப்ப திரும்ப முழுகாம இருந்தா, இந்தப் பிள்ளையாவது உசுரோட கையில வரணும், வேற எதையும் அவங்க ரெண்டு பேரும் சாமிகிட்டக் கேக்கல, அவங்களுக்காக நாங்களும் வேற எதையும் கேக்கல.

ஏழாம் மாசம் ஆஸ்பத்திரிக்கு அரை நாள் நடை. ஒம்பதாம் மாசம் பிறந்ததும் தியாகு அவளை மெல்ல நடத்திக் கூட்டிக்கிட்டுப் போனான், படுக்கை இல்ல, வலி வந்தா வாங்கன்னு அனுப்பிட்டாங்க. வலி வந்தா வர்ற தூரமா இதுன்னு தியாகு கேட்டிருக்கான். நீங்க ஏன் அவ்வளவு உயரத்துல போயி இருக்கீங்கன்னு அந்த நர்சு கேட்டாளாம். நாங்க எங்கேயும் போகல தங்கச்சி, இருந்த எடத்துலதான் இருக்கோம்னு பவளம் சொல்லிட்டு வந்தா.

அன்னைக்குக் கடையில வந்து உக்காந்து தியாகு தேத்தண்ணியைத் தொடவே இல்ல.

"அண்ணே, நான் சொமை தூக்கிக்கிட்டுப் போயி ஒவ்வொருத்தனையா மேல ஏத்தி விடுறேன். அவ போற பாதையை நானே நீட்டிக்கிட்டு இருக்கேன்."

"நீ உச்சியை மிதிக்கலையேடா. உனக்கென்ன பாவம்?"

"மிதிக்கலதான். மிதிக்கிறவனைக் கூட்டிக்கிட்டுப் போறவன் யாரு?"

அப்பத்தான் என் வாய் சும்மா இருக்காம அந்த யோசனையைச் சொன்னேன். உச்சிக்கு ஒரு மைல் முந்தி இடது கைப் பக்கமா ஒரு மொட்டைத் திட்டு இருக்கு, பனி மூட்டத்துல அதுவும் உச்சி மாதிரிதான் தெரியும். ஏறுறவங்களை அங்க கொண்டு போயி நிப்பாட்டி, இதுதான் உச்சின்னு சொல்லி, படம் பிடிக்க விட்டுத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்துடுங்கடான்னேன். சொமைகாரனுங்க எல்லாம் என்னைத் தூக்காத குறைதான். தகரப் பலகை ஒண்ணு செஞ்சு, நாட்டின் மிக உயர்ந்த இடம்னு மூணு பாஷையில நானே பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தேன். எங்க படியில நின்னபடியே கையை நீட்டி, உச்சியில ஒரு நீட்டு மூங்கிலைச் சிவப்புத் துணி கட்டி நட்டோம், மலை வளர்ந்தா எங்க வாசலுக்குத் துணி மேல போகும், வளரலைன்னா துணி நின்ன எடத்துல நிக்கும்.

மூணு வாரம் துணி நின்ன எடத்துலேயே நின்னுச்சு. ஏறுறவங்க வந்தாங்க, திட்டு மேல நின்னு கையை விரிச்சுக்கிட்டுப் படம் எடுத்தாங்க, எங்க ஆளுங்க அங்கேயும் ஒரு படி கீழேயே நின்னாங்க, சந்தோஷமா இறங்கினாங்க, துணி அசையல. பவளம் காலையில வாசல்ல நின்னு ஒத்தைக் கண்ணை மூடி அந்தத் துணியைப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்குவா. லயமே என்னைக் கொண்டாடுச்சு, அருளப்பன் மூளைன்னா மூளைன்னு சொன்னாங்க, நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத்தான் திரிஞ்சேன். பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க மட்டும் நாளுக்கு நாள் பிந்தி வந்துச்சுங்க. பாதை நீண்டுக்கிட்டே போகுதுன்னு அதுங்க சொல்லுச்சுங்க. துணி அசையல, பாதை எப்படிறா நீளும், கொய்யா மரத்துல ஏறி ஆடிட்டு வந்து பொய்யா சொல்றீங்கன்னு நாலு பேருக்கு முதுகுல வச்சோம். அதுங்க அழுதுக்கிட்டே அடுத்த நாளு இன்னும் பிந்தி வந்துச்சுங்க.

நாலாவது வாரம் திட்டுப் பக்கம் பனி விலகின ஒரு பகல்ல பாத்தா, மூங்கிலுக்குப் பக்கத்துல, மூங்கிலைவிட உயரமா, என் தகரப் பலகை வெயில்ல மின்னுது. மொட்டைத் திட்டு வளர்ந்து உச்சியைத் தாண்டிப் போயிருந்துச்சு. நெட்டையனுக்கு இந்தப் பாறை அந்தப் பாறைன்னு வித்தியாசம் இல்ல, ஏறினவன் எதை உச்சின்னு நெனச்சு நின்னானோ அதையே உச்சியாக்கிக்கிட்டான். நாங்க சொன்ன பொய் நெசமாப் போச்சு. பெரிய அநியாயம் என்னன்னா, திட்டுக்குப் போற வழி சுருக்கம்ங்கிறதால, முந்தி ஒருத்தர் ஏறுற நேரத்துல நாலு பேரை ஏத்தி விட்டிருந்தோம். ஆஸ்பத்திரி ஒரு முழுப் பகல் தூரத்துக்குப் போயிருந்துச்சு. நல்லதுக்குத்தானே அண்ணே சொன்னீங்கன்னு பவளம் சொன்னா, அவ்வளவுதான், அதுக்கு அவ என்னைத் திட்டியிருக்கலாம்.

வலி கண்டது சுதந்திர தினத்தன்னைக்கு, விடியக் காலையில. நாலு பேர் கம்பளியைத் தூக்கினோம், முன்னால தியாகுவும் நானும், பின்னால ரெண்டு பேரு. பிள்ளைக் காம்பராவுல பிள்ளைங்களைப் பாத்துக்கிற ஞானம்மா அக்கா, பிரசவம் பாக்கிறதுல கைராசிக்காரி, சுடுதண்ணிப் போத்தலோட பக்கத்துல ஓடி வந்தாங்க. ரெண்டாவது வளைவு திரும்பினதும் எதிர்க்க ஏறி வர்றாங்க, நூறு பேரு, ஆளுக்கொரு கொடி, இசைக்குழு வேற. சுதந்திர தினத்துக்கு நூறு பேர் நூறு கொடியை உச்சியில நடுறதா ஏற்பாடாம். பாதை ஒத்தையடி, அவங்க ஒதுங்கினாத்தான் நாங்க போகலாம். மரியாதையா ஒதுங்கினாங்க. தியாகு கம்பைத் தோள்லருந்து எறக்காம கும்பிட முடியாததால, தலையை மட்டும் குனிஞ்சு பேசினான்.

"அய்யா, அம்மா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஏறாதீங்க. நாளைக்கு நானே எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க ஏறினா என் பெண்சாதி போற பாதை நீண்டு போகும்."

அவங்க நல்லவங்கதான், கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு அம்மா கம்பளிக்குள்ள குனிஞ்சு பவளத்தோட கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. சாக்லேட் கொடுத்தாங்க, வெள்ளி மாதிரி மின்னுற போர்வை ஒண்ணு கொடுத்தாங்க. தங்களுக்குள்ள பேசிப் பாத்தாங்க. சுதந்திர தினம் இன்னைக்குத்தானே, நாளைக்கு நட்டா என்ன அர்த்தம்னு ஒருத்தர் சொன்னார். நான் ஒருத்தி ஏறாம இருந்து என்ன ஆகப் போகுது, மத்த தொண்ணூத்தொம்பது பேர் ஏறத்தானே போறாங்கன்னு இன்னொருத்தி சொன்னா. ஒவ்வொருத்தரும் அதையேதான் சொன்னாங்க. கடைசியில சிவப்புத் தொப்பி அம்மா தியாகு தோளைத் தொட்டு, "கவலைப்படாதீங்க தம்பி, நாங்க மெதுவா ஏறுறோம்" அப்படின்னாங்க.

நாங்க ஓடினோம். உச்சி வெயிலுக்கு ஆஸ்பத்திரித் தகரக் கூரை கண்ணுல பட்டுச்சு, பவளத்துக்குத் தலையைத் தூக்கிக் காட்டினோம், சிரிச்சா. அப்பத்தான் மேல இருந்து முதல் சத்தம் வந்துச்சு, கொடி நட்டவங்க போடுற ஆரவாரம். கூரை கொஞ்சம் கீழ போச்சு. இன்னொரு சத்தம், இன்னும் கொஞ்சம் கீழ. நாங்க ஒரு வளைவு இறங்குறதுக்குள்ள காலடியில ரெண்டு வளைவு முளைக்குது, தியாகு பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்கிறான், எனக்கு வாயில ரத்தம் மாதிரி கரிக்குது, கூரை பெட்டி அளவாகி, தீப்பெட்டி அளவாகி, அரிசி அளவாகிப் போச்சு, மேல பாண்டு வாத்தியம் நிக்காம அடிக்குது. பவளம் ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கிட்டு வந்தா. அறுபதுக்கு மேல எண்ணுறதை விட்டுட்டா.

பிள்ளை பாதையிலேயே பிறந்துச்சு, ஒரு தேயிலைச் செடி மறைவுல, ஞானம்மா அக்கா கையில. பொம்பளைப் பிள்ளை, நல்லா அழுதுச்சு. ஆனா பவளத்துக்கு ரத்தம் நிக்கல. வெள்ளிப் போர்வை நனைஞ்சு போச்சு. அவ கீழே எட்டிப் பாத்தா, கூரை இருந்த எடத்துல மேகம்தான் இருந்துச்சு, திரும்பி மேல பாத்தா, எங்க லயத்துப் புகை தெரிஞ்சுது.

"திருப்புங்க அண்ணே," அப்படின்னா என்கிட்ட. "வீடுதான் கிட்ட."

திருப்பினோம். பாதி வழியில கம்பு இலேசாப் போச்சு, நாங்க நாலு பேரும் அதை உணர்ந்தோம், தியாகு முன்னால நடந்துக்கிட்டே இருந்தான்.

பவளத்தை மண்ணுல வச்சிட்டு, பிள்ளை பிறந்த ஒம்பதாம் நாள் தியாகு பிள்ளையைத் துணியில சுத்தி நெஞ்சோட கட்டிக்கிட்டு மேல போனான். ஏறினவங்க எல்லாம் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு நின்னதாலதானே வளர்ந்தான், தோத்தவன் ஒருத்தன் போயி நின்னு தோத்துட்டேன்னு சொன்னா ஒருவேளை இறங்கி வருவான்னு அவன் சொன்னப்ப லயத்துல யாரும் மறுக்கல, உள்ளுக்குள்ள எல்லாருக்கும் ஒரு ஆசை துளிர்த்துச்சு, நான் மட்டும் இந்தத் தடவை வாயைத் திறக்கல. நூத்தி முப்பது வருஷத்துல எங்க ஆளு ஒருத்தன் முதல் தடவையா அந்தப் படியைத் தாண்டினான். தாண்டி, பிள்ளையை ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டி, நான் தோத்துட்டேன், எங்க தோட்டமே தோத்துடுச்சு, இவளுக்காகக் கொஞ்சம் இறங்கி வான்னு கத்தினான். கீழே நாங்க எல்லாரும் பாதையோரத்துல நின்னு காலடியையே பாத்துக்கிட்டு இருந்தோம். தரை ஒரு நடுக்கம் நடுங்குச்சு. வாத்தியாரு தண்ணி பைப்புல புதுசா விட்ட இடைவெளியை நாடாவை வச்சு அளந்தாரு. அஞ்சடி மூணு அங்குலம் கூடியிருந்துச்சு, தியாகுவோட உயரம். அதுக்கு மேல ஒரு முழம், பிள்ளையோடது.

அன்னைக்கு உச்சியில இருந்த எவனோ ஒருத்தன் படம் பிடிச்சிருக்கான். பத்திரிகையில முதல் பக்கத்துல வந்துச்சு. நாட்டின் உச்சியைத் தொட்ட ஆக இளையவர், வயது ஒம்பது நாள். தியாகு அழுத முகத்தை ஆனந்தக் கண்ணீர்னு எழுதியிருந்தாங்க.

அடுத்த மாசத்துலருந்து பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. முதல்ல எட்டு நாள் பிள்ளை, அப்புறம் ஏழு நாள். கீழ்ப் பக்கம் பாதை இப்ப எவ்வளவு தூரம்னு எங்க யாருக்கும் தெரியாது, போனவங்க திரும்பி வரல, ஏறுறவங்கதான் கூடாரம் கூடாரமாத் தங்கி வாரக்கணக்குல நடந்தோ, குறுக்கு வழிக்கு ஹெலிகாப்டர்ல இறங்கியோ வர்றாங்க. அரிசியும் மாவும் அவங்க மூட்டையிலதான் வரணும், பால்மாவும் அவங்க மூட்டையிலதான் வரணும், அதனால தியாகு திரும்பவும் சொமை தூக்குறான், அவன் மக ஞானம்மா அக்கா காம்பராவுல அந்தப் பாலைக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கா.

நேத்து ஒரு புருஷனும் பெண்சாதியும் கடைக்கு வந்தாங்க, கையில ஆறு நாள் பிள்ளை. அந்தப் பொண்ணு முகம் வெளுத்துக் கெடந்துச்சு, நிக்க முடியாம பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, அவ சேலையில ஒரு கறை இருந்துச்சு, அதை முதல்ல பாத்தது தியாகுதான்.

"அம்மா, மேல போக வேணாம்," அப்படின்னான். "உங்களைக் கொண்டாந்து விட்ட ஹெலிகாப்டர் இன்னும் நிக்குது. இப்ப திரும்பினா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். எனக்குத் தெரியும்மா, சொன்னாக் கேளுங்க."

அவ அவனையும் பாத்தா, பிள்ளையையும் பாத்தா, பாதையைத் திரும்பித் திரும்பிப் பாத்தா.

"அஞ்சு நாள் பிள்ளை ஒண்ணு பின்னால வந்துக்கிட்டு இருக்காம் அண்ணே," அப்படின்னா. "கொஞ்சம் வேகமாப் போக முடியுமா?"